நூற்று எண்பதாவது நாள்

மார்ச் 4, திங்கள்

பேப்பரில் 'இணைப்பு' என்று போட்டிருக்கிறார்கள். முழுங்கியதற்கு இப்படியும் ஒரு பெயர். பூர்வா ஏருக்கு எழுநூறு விமானிகள். எங்கள் மரகதம் ஏர்வேஸுக்கு இருநூற்றுப் பத்து. யார் வாயில் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலை மீனம்பாக்கத்தில் க்ரூ ரூமுக்குள் நுழைந்தால், பதினாறு வருடமாக நான் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் பூர்வாக்காரன் ஒருத்தன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். "குட் மார்னிங் கேப்டன்" என்றான். நான் கருவியில் மூச்சை ஊதிவிட்டு, குடிக்கவில்லை என்று அது சொன்னதும், கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் சங்கத் தலைவர் பலராமன் சார், "தில்லை, இனிமே நடக்கறதெல்லாம் தேதி போட்டு எழுதி வை. நாளைக்குக் கேஸு கீஸுன்னு போனா உதவும்" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு. மற்றபடி டைரி எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

கேஸுக்கு உதவட்டும் என்று ஒன்றை இங்கேயே எழுதி வைக்கிறேன். விமானிக்குத் திறமை, நல்ல குணம், தலைமுடி எதுவும் முக்கியமில்லை. எண்தான் எல்லாம். வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் எண். சின்ன எண் உள்ளவன் முதலில் கை நீட்டுவான். தீபாவளி விடுப்பு, நல்ல நேர விமானம், எந்த ஊரில் குடியிருப்பது, வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு எப்போது மாறிக் கேப்டன் ஆவது, எல்லாம் அந்த எண்தான் முடிவு செய்யும். இப்போது இரண்டு கம்பெனி வரிசைகளையும் ஒன்றாகக் கோக்க வேண்டும். அங்கேதான் வெட்டுக்குத்து.

மார்ச் 9, சனி

வரிசையைக் கோக்க ஒரு குழு. எங்கள் பக்கம் மூன்று பேர், அவர்கள் பக்கம் மூன்று பேர், நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். ஆறில் நாலு பேர் கை தூக்கினால் எதுவும் நிறைவேறும். எங்கள் மூவரில் நானும் உண்டு. எழுத்து வேலை முழுக்க என் தலையில்.

எதிர்ப்பக்கம் யார் என்று பார்த்தால், பிரான்சிஸ் மச்சாடோ. தூத்துக்குடிக்காரன். பயிற்சிப் பள்ளியில் என் பக்கத்துக் கட்டில். என் லாக்புக்கை வாங்கிப் பார்த்து, "ஏல, நீ ஓட்டுனியா, பிளேன் உன்னைய ஓட்டிச்சா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டவன். எனக்கு இரண்டு வருடம் முன்னதாக, 2006-லேயே, அவனுக்குப் பூர்வாவில் வேலை கிடைத்துவிட்டது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இன்று தோளில் கை போட்டான். கையை எடுத்துவிட்டேன்.

சென்னைக்கு எழுபது கேப்டன் இடம்தானாம். சேர்ந்த தேதிப்படி கோத்தால் மச்சாடோ நாற்பத்தொன்று. நான் எழுபத்தெட்டு. எழுபதுக்குக் கீழே உள்ளவர்களை கௌஹாத்தி மாதிரி யாரும் கேட்காத ஊர்களுக்கு அனுப்புவார்களாம்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி வைதேகியும் மரகதத்தில்தான் வேலை, கோ-பைலட். "எழுபத்தெட்டா? பாவம்" என்று சிரித்தாள். அவளுக்கென்ன, கோ-பைலட் வரிசையில் ஒன்பதாவது இடம். முதல் இருபத்துநாலு பேருக்கு ஜூன் மூன்றாம் தேதி கேப்டன் பயிற்சி.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். கழுவும்போதுதான் பொறி தட்டியது.

தொற்று வந்து ஊரே அடங்கிக் கிடந்த வருடத்தில், பூர்வா தன் விமானிகளில் இருநூறு பேரைச் சம்பளமில்லாமல் ஏழு மாதம் வீட்டுக்கு அனுப்பியது. மரகதம் யாரையும் அனுப்பவில்லை. பாதிச் சம்பளத்தில் நாங்கள் எல்லோரும் வேலையில்தான் இருந்தோம். வீட்டில் உட்கார்ந்திருந்தவனும் வேலை பார்த்தவனும் ஒரே வரிசையா?

ஈரக் கையோடு உட்கார்ந்து எழுதினேன். பிரிவு ஏழு: 'தொடர்ச்சியாக நூற்று எண்பது நாளோ அதற்கு மேலோ சம்பளமில்லா விடுப்பில் இருந்தவருக்கு, அவர் திரும்பி வந்த தேதியே சேர்ந்த தேதியாகக் கொள்ளப்படும்.' ஒரே வாக்கியம். மச்சாடோவின் 2006 இனிமேல் 2021. கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எனக்குச் சென்னையில் அறுபத்தொன்றாவது இடம்.

தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. வைதேகி வந்து மோட்டாரை அணைத்தாள். "என்ன எழுதறே, மூஞ்சில இவ்வளவு சந்தோஷம்?" என்றாள். சங்க வேலை என்றேன்.

மார்ச் 26, செவ்வாய்

பிரிவு ஏழைப் படித்துக் காட்டினேன். மச்சாடோ பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான், நிறுத்திவிட்டான். நீதிபதிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தெளிவாக இருக்கிறது, யாருடைய காரணத்தையும் தோண்ட வேண்டியதில்லை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு என்றார். பூர்வாவின் மூன்று பேரில் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்படாதவர். அவர் எங்களோடு கை தூக்கினார். நாலுக்கு இரண்டு. முடிந்தது.

பலராமன் சார் வெளியே வந்து கை கொடுத்தார். "நீ பைலட் ஆகலேன்னா வக்கீல் ஆயிருப்பே" என்றார்.

க்ரூ ரூமில் இப்போது அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். காபி மெஷினில் 'மரகதம் ஊழியருக்கு மட்டும்' என்று யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள். இன்று அதைக் கிழித்துப் போட்டிருந்தது. மறுபடி எழுதி ஒட்டினேன். கையெழுத்து அழகாக வந்தது.

ஏப்ரல் 3, புதன்

வைதேகி இடது சீட்டுக்குத் தயாராகிறாள். விமானி அறையின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறாள். இடதுபக்க நாற்காலியில் அவள், வலதுபக்கத்தில் எங்கள் மகள் தாமிரா. ஏழு வயது. "கேப்டன், எஞ்சின் ஒன்ல தீ!" என்று கத்துவது அவள் வேலை. சாம்பார் கிண்ணம்தான் எஞ்சின் ஒன்று.

"பிரிவு ஏழுன்னு என்னமோ பேசிக்கறாங்களே, அது என்ன?" என்று கேட்டாள் வைதேகி.

"பூர்வாக்காரனுங்களுக்கு வெச்ச ஆப்பு."

"நமக்கு ஒண்ணும் இல்லையே?"

"நீ சாப்பிடு, ஆறிடப் போவுது."

செல்வி அக்காவுக்கு அடுத்த வாரம் மூன்று நாள் லீவு வேண்டுமாம். பகலில் தாமிராவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். வைதேகியோடு என் விமானங்களை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 10, புதன்

கார் நிறுத்துமிடத்தில் மச்சாடோ காத்துக்கொண்டிருந்தான். அடிக்கத்தான் நிற்கிறான் என்று நினைத்தேன்.

"ஏல தில்லை, சண்டைக்கு வரல. ஒண்ணு கேக்கேன். உன் வீட்டுல பாத்தியா?"

"என் வீட்டுக்கு என்ன?"

"உன் சம்சாரம், புள்ள பொறந்தப்போ எத்தனை மாசம் வீட்டுல இருந்திச்சு? சம்பள லீவு போக?"

நான் கார்க் கதவைத் திறந்தேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை ஒரு திருத்தம் கொண்டு வாரேன். நோய், பிரசவம், புள்ளையப் பாத்துக்கிடுதது, இதுக்கெல்லாம் விலக்குன்னு. எங்கள்ல மூணு பேரும் கை தூக்குவோம். உங்காள்ல ஒருத்தன் போதும். நீ தூக்குல."

"அந்தச் சந்துல உங்காளுங்க எத்தனை பேர் நுழைவாங்க?"

"முப்பத்தெட்டு. அந்த ஏழு மாசத்துக்கு நோய்ச் சீட்டு வெச்சிருக்கவன். நானும் அதுல ஒருத்தன், மறைக்கல. எங்கய்யா அப்போ ஆஸ்பத்திரில கெடந்தாரு, என்கிட்டயும் ஒட்டிக்கிட்டு."

மிரட்டுகிறானா, கெஞ்சுகிறானா? என் வீட்டுப் பெண்ணைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தன் எண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறான். இவனை எனக்கு இன்றா நேற்றா தெரியும்? கதவைச் சாத்திக் கிளம்பினேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

கூட்டம் இருந்தது. எழுதும்படி ஒன்றுமில்லை. வரும் வழியில் கறிவேப்பிலை, இரண்டு தேங்காய், தாமிராவுக்குப் பென்சில் டப்பா.

ஏப்ரல் 13, சனி

மின்விசிறி எல்லாம் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தேன். "நாளைக்கு வருஷப் பிறப்புக்கு யார் வரப் போறாங்க, இவ்வளவு துடைக்கறே?" என்றாள் வைதேகி. தூசி என்றேன்.

மே 6, திங்கள்

பட்டியலைப் பலகையில் குத்திவிட்டார்கள். பதினாறு பக்கம். நான் சென்னையில் அறுபத்தொன்று. மச்சாடோ கேப்டன்களில் கடைசிக் கும்பலில், கௌஹாத்தி. எங்கள் பக்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். பூர்வாக்காரர் ஒருவர் என் பெயர் இருந்த இடத்தில் குண்டூசியைக் குத்தி அழுத்தினார், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

கோ-பைலட் பட்டியலும் அங்கேதான் இருந்தது. வைதேகி சிவராமன். சேர்ந்த தேதி: அக்டோபர் 2018. இடம்: நூற்று முப்பத்தொன்று.

அவள் சேர்ந்தது 2013. 2017 பிப்ரவரியில் தாமிரா இருபத்தொன்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள்; ஒரு கிலோ நூறு கிராம். சம்பள விடுப்பு ஆறு மாதத்தில் முடிந்தது. அதற்குமேல் பதினாலு மாதம் சம்பளமில்லாமல். கம்பெனிக் கோப்பில் இருப்பதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனபோது மேஜைக்கு எதிரே ஒட்டியிருந்த படம் இல்லை. பசை ஒட்டிய நாலு மூலை மட்டும் சுவரில் இருந்தது.

"நான் பேசறேன். மேல்முறையீடு பண்ணலாம்" என்றேன்.

"உனக்குத் தெரியாதா முன்னாடியே?"

"பொதுவா எழுதினது அது. இப்படி வந்து விழும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் என்னை நம்பினாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை, ஆனால் நம்பினாள்.

மே 8, புதன்

குழுவின் கூட்டக் குறிப்புகள் எல்லா விமானிகளுக்கும் மின்னஞ்சலில் வந்தன. நீதிபதியின் வேலை. ஒளிவுமறைவு கூடாதாம்.

ஏப்ரல் 12, நான்காம் பக்கம். மச்சாடோவின் திருத்தம்: நோய், பிரசவம், குழந்தை கவனிப்பு விடுப்புகளுக்கு விலக்கு. ஆதரவு மூன்று. எதிர்ப்பு மூன்று. தோற்றது. எதிர்த்தவர்கள் பெயரில் இரண்டாவது என் பெயர். அதற்கும் கீழே இன்னொரு வரி: 'விலக்கு அளித்தால் பிரிவு ஏழு அர்த்தமற்றதாகிவிடும் என்று கேப்டன் தில்லைநாதன் வாதிட்டார். மரகதத்தில் பாதிக்கப்படுவோர் பதினோரு பேர் மட்டுமே என்றும் அவர் குறிப்பிட்டார்.'

வைதேகி அதை அச்சடித்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"பதினோரு பேர். எண்ணிப் பார்த்திருக்கே. அதுல நான் எத்தனாவது?"

"வைதேகி, முப்பத்தெட்டுப் பேர் உள்ள வந்திருப்பானுங்க. நான் எழுபதுக்குக் கீழ போயிருப்பேன். கௌஹாத்தில போய் உக்காந்தா வீடு என்ன ஆகறது? தாமிரா ஸ்கூல்?"

"வீட்டுக்காகப் பண்ணினே."

"ஆமா."

"என்கிட்ட கேக்கணும்னு தோணல."

"கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்பே" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பதில் என்று எனக்கே கேட்டது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இவ கெடந்தப்போ, உனக்குக் கேப்டன் டிரெய்னிங் நடுவுல. யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும். என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? 'நீ லீவு போடு. உன் நம்பர் எங்கயும் போகாது'ன்னே. அந்த வார்த்தைய வெச்சுதான் பதினாலு மாசம் உக்காந்திருந்தேன், கேப்டன்."

தில்லை என்று கூப்பிடுகிறவள். கேப்டன் என்றாள்.

மே 21, செவ்வாய்

எண் கீழே போனதால் அவளால் இனி விமானங்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. இன்று கம்ப்யூட்டர் எங்கள் இருவரையும் ஒரே விமானத்தில் போட்டுவிட்டது. சென்னை – மதுரை – சென்னை.

பதின்மூன்று நாளில் அவள் என்னோடு பேசியது இன்றுதான், அதுவும் சரிபார்ப்புப் பட்டியல். 'ஃபிளாப்ஸ்?' 'செட்.' 'கியர்?' 'டவுன், மூணு பச்சை.' இடையில் வெயில் கடுமை என்று ஏதோ சொன்னேன். முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதுரையில் பக்கவாட்டுக் காற்று பலம். விமானத்தை இறக்கியது அவள்தான். நான் பயிற்சி கொடுத்தவர்களில்கூட ஒருவரும் அப்படி இறக்கியதில்லை. நன்றாக இருந்தது என்றேன். "தேங்க் யூ, கேப்டன்" என்றாள்.

மே 30, வியாழன்

யாரும் போக விரும்பாத ஊரில் எண்ணைப் பார்க்க மாட்டார்கள். கௌஹாத்தியில் கேப்டன் இடங்கள் காலி. வருகிற கோ-பைலட்டுக்குப் பயிற்சி உண்டு, நூற்று முப்பத்தொன்றாக இருந்தாலும். வைதேகி கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஜூன் பத்து முதல் ஆறு மாதம். நடுவில் விட்டால் அடுத்த அணியோடு முதலிலிருந்து.

அங்கே பயிற்சி கொடுக்கப் போகும் கேப்டன் யார் தெரியுமா? மச்சாடோ. அவனைக் கீழே தள்ளி அங்கே அனுப்பியதே நான்தான். வயிறு எரிகிறது.

"தாமிரா?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் இங்கதானே? செல்வி அக்கா நாலு மணி வரைக்கும்தான். யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்." சம்பளமில்லா விடுப்புப் படிவத்தை மேஜையில் வைத்தாள். "நீ லீவு போடு. உன் நம்பர் எங்கயும் போகாது."

அவள் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

படிவத்தில் 'நாட்கள்' என்ற கட்டத்தில் நூற்று எழுபத்தொன்பது என்று எழுதினேன். ஜூன் 10 முதல் டிசம்பர் 5 வரை. ஆறாம் தேதி காலை வேலைக்கு வந்துவிட்டால் பிரிவு ஏழு என்னைத் தொடாது. நான் எழுதிய பிரிவு எனக்குத் தெரியாதா?

வைதேகி அதைப் பார்த்தாள். "நூத்தி எழுபத்தொன்பது" என்று வாய்விட்டுப் படித்தாள். "ஒரு நாள்கூட விட மாட்டே" என்றாள்.

ஜூன் 10, திங்கள். நாள் 1

வைதேகி காலை விமானத்தில் போய்விட்டாள். பள்ளி வேன் ஏழு ஐந்துக்கு வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏழு பத்துக்குக் கீழே இறங்கினோம். டிபன் பாக்ஸ் எந்த அலமாரி என்று தாமிராவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஜூன் 24, திங்கள். நாள் 15

இட்லி கல்லாக வந்தது. தாமிரா ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டினாள்.

பலராமன் சார் போன் செய்தார். "என்னப்பா, ஆயா வேலையா?" என்று சிரித்தார். இவருக்காகவா நான் பிரிவு பிரிவாக எழுதினேன்?

ஆகஸ்ட் 7, புதன். நாள் 59

தாமிராவுக்கு மூச்சுத் திணறல். குளிர் பட்டால் அவளுக்கு வரும் என்று தெரியும். இப்படி வரும் என்று தெரியாது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, நெபுலைசர் வைத்து அடங்க மதியம் ஆகிவிட்டது. டாக்டர் ஒரு பழைய கோப்பை எடுத்தார். 2017-லிருந்து முப்பத்திரண்டு முறை. எல்லாத் தேதிக்கும் எதிரே 'உடன் வந்தவர்: தாய்' என்று இருந்தது. முப்பத்து மூன்றாவதில் 'தந்தை' என்று எழுதினார்கள். எனக்கு ஏனோ அவர்கள் மேல் கோபம் வந்தது.

வைதேகிக்குச் செய்தி அனுப்பினேன். 'மருந்து கப்போர்டில் மேல் தட்டு. நீலப் பாட்டில் வேண்டாம், அவளுக்கு ஆகாது' என்று பதில் வந்தது. எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமா?

அக்டோபர் 19, சனி. நாள் 132

மச்சாடோ போன் செய்தான். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"ஏல, சும்மா ஒரு சேதி சொல்லத்தான். உன் சம்சாரம் எப்படி ஓட்டுதுன்னு உனக்குத் தெரியுமால? நான் இருவது வருசமா பாக்கேன், இப்படி ஒரு கை பாத்ததில்ல. இவளையா நூத்தி முப்பத்தொண்ணுல கொண்டு போய் வெச்சே?"

"இதைச் சொல்லத்தான் போன் பண்ணியா?"

"ஆமால. வேற எதுக்கு? உன்கூடக் கொஞ்சிக்கிடவா?" வைத்துவிட்டான்.

துணி காயவில்லை. மறுபடி பிழிந்து போட்டேன்.

டிசம்பர் 2, திங்கள். நாள் 176

அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். ஆறாம் தேதி காலை ஏழரைக்கு மீனம்பாக்கத்தில் ஆஜராக வேண்டும். ஒன்பது நாற்பது விமானத்தில் டெல்லி. ஆறு மாதம் ஓட்டாதவனுக்குப் பத்து நாள் சிமுலேட்டர் பயிற்சி. வைதேகியின் கடைசிச் சோதனை நாலாம் தேதி. அன்று மாலையே அவள் வந்துவிடுவாள். கணக்காக அமைந்துவிட்டது.

டிசம்பர் 4, புதன். நாள் 178

கௌஹாத்தியில் மூடுபனி. சோதனை நடக்கவில்லை. பதினோராம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள்.

மாலை வைதேகி போன் செய்தாள்.

"செல்வி அக்காகிட்ட கேட்டேன்" என்றாள். "ராத்திரி தங்க முடியாதாம், அவங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல. நான் நாளைக்கு வந்துடறேன். நீ போகலாம், கேப்டன்."

"சோதனை?"

"அடுத்த அணியோட. முதல்லேர்ந்து."

"மச்சாடோகிட்ட சொல்லி முன்னாடி வெக்கச் சொல்லேன்."

"பனிய நகத்தச் சொல்லவா அவரை?"

நான் என்ன செய்ய முடியும்? நூற்று எண்பது என்பது என்னோடு முடிகிற விஷயமில்லை. பதினாறு வருடம். சென்னை. எனக்குக் கீழே எத்தனை பேர் அந்த ஓர் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "தெரியும். நான்தான் வரேன்னு சொல்றேனே" என்றாள். அவள் வாதாடாதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 5, வியாழன். நாள் 179

சீருடையை இஸ்திரி போட்டேன். தோளில் நாலு கோட்டுப் பட்டையை மாட்டினேன். தாமிரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ போயிடுவியா?"

"ஆமா. அம்மா வந்துடுவா."

"அம்மா கேப்டன் ஆயிட்டாளா?"

"இன்னும் இல்ல."

"அப்போ ஏன் வரா?"

ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன்.

காலையில் வைதேகிக்கு, இன்று கிளம்ப வேண்டாம், நாளை மதிய விமானத்தில் வந்தால் போதும், வேன் ஏற்றிவிட்டு நான் போய்க்கொள்கிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தேன். சரி என்று ஒரு வார்த்தை வந்தது.

டிசம்பர் 6, வெள்ளி. நாள் 180

வேன் வரவில்லை. அதனால்தான்.

ஏழு ஐந்து, ஏழு கால். தூறல் வேறு. ஓட்டுநருக்குப் போன் போட்டால், டயர் பஞ்சராம், ஏழே முக்காலுக்கு வந்துவிடுவாராம். சீருடையோடு கீழே நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் ஆட்டோவில் தன் மகனோடு தாமிராவையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். மழை பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும், வேண்டாம் என்றேன். நானே காரில் கொண்டுபோய் விட்டேன். பள்ளி வாசலில் அவள் இறங்கிப் போனபோது மணி ஏழு ஐம்பது. அங்கிருந்து மீனம்பாக்கம் இருபது நிமிடம். போயிருந்தால் திட்டிவிட்டு உள்ளே விட்டிருப்பார்கள். காரை நிறுத்திவிட்டு எதிரே இருந்த கடையில் காபி குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். வைதேகிக்கு, 'கிளம்ப வேண்டாம்' என்று மட்டும் அனுப்பினேன்.

அலுவலகத்திலிருந்து ஒன்பது மணிக்குள் ஆறு அழைப்பு. ஒன்பது நாற்பதுக்குத் தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. எங்களுடையதுதான்.

பதினொன்றரைக்கு மின்னஞ்சல். பிரிவு ஏழின்படி, நீங்கள் மீண்டும் பணியில் சேரும் தேதியே உங்கள் சேர்ந்த தேதியாகக் கொள்ளப்படும். வாக்கியம் தெளிவாக இருக்கிறது, ஒரு ஓட்டை கிடையாது. எழுதியவனை இரண்டு அறை அறையலாம் போல இருந்தது. இனி என் எண் கேப்டன்களில் கடைசி. வைதேகி கேப்டன் ஆனால் அவளுக்கும் கீழே நான். மச்சாடோவிடமிருந்து ஒரு செய்தி: 'கேள்விப்பட்டேன். எனக்குப் பின்னாடிதான் உன் எடம். வரிசையில தள்ளாம நில்லுல.' பதில் போடவில்லை. நாய்.

மதியம் வைதேகி போன் செய்தாள்.

"கிளம்ப வேண்டாம்னா? நீ டெல்லி போகலையா?"

"வேன் வரல."

"எந்த வேன்?"

"ஸ்கூல் வேன். பஞ்சர்."

அந்தப் பக்கம் விமானம் ஒன்று இரைந்து ஓய்ந்தது.

"தில்லை" என்றாள். ஏழு மாதம் ஆகிறது, அந்தப் பெயரைக் கேட்டு. "இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"தெரியாது" என்றேன். "எண்ணல."